சீட்டுப் பைக்கு எந்தத் தாங்கி?

கேள்வி: என் சைக்கிளில் கேரியர் பொருத்த ஓட்டைகள் இல்லை. சீட்டுக்குப் பின்னால் தொங்கவிட பெரிய கேன்வாஸ் பை வாங்கினேன். கொல்லிமலையில் ஏறும்போது தொடையில் இடிக்கிறது. இறங்கும்போது டயரில் உரசுகிறது. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் கார்பன் இழையால் ஆனது. பையை அடியிலிருந்து தாங்கிப் பிடிக்க எந்தத் தாங்கியை வாங்கலாம்?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: கடைக்குப் போவதற்கு முன் அளந்துவிடுங்கள். சீட்டின் அடிக்கம்பியிலிருந்து டயரின் உச்சி வரை எவ்வளவு இடம் இருக்கிறது? அதில் பையின் உயரத்தைக் கழியுங்கள். சாமான் அடைத்த பையைத்தான் அளக்க வேண்டும். கனம் ஏறினால் துணி தொய்ந்து இரண்டு விரற்கடை இறங்கிவிடும். 5 சென்டிமீட்டராவது மிஞ்சவில்லை என்றால் சிறிய பைக்கு மாறுங்கள். இல்லாத இடத்தை எந்தத் தாங்கியாலும் உண்டாக்க முடியாது.

தாங்கிகளில் சீட் போஸ்டைக் கவ்வுவது ஒரு வகை. உங்களுக்கு அது ஆகாது. கவ்வி இறுகும் இடத்தில் கார்பன் நசுங்கும். உள்ளே விழும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, இறக்கத்தில் ஒடிந்தால் தெரியும். "ரப்பர் சுற்றித் தருகிறேன்" என்று கடைக்காரர் சொன்னாலும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

சீட்டின் அடிக்கம்பிகளைக் கவ்வும் வகையை வாங்குங்கள். இங்கிலாந்தின் கராடைஸ் நிறுவனத்தின் 'பேக்மேன்' இப்படிப்பட்டதுதான். அடிக்கம்பி 7 மில்லிமீட்டர் உருண்டை உலோகக் கம்பியாக இருக்க வேண்டும். முட்டை வடிவத்தில் இருந்தால் அதுவும் கார்பனாக இருக்கக்கூடும். அதில் தாங்கியை மாட்டவே கூடாது.

பொருத்தும்போது இரண்டு பக்கத்து போல்ட்டுகளையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் தாங்கி கோணலாகிவிடும். பையின் அடி, தாங்கியின் கம்பி வளையத்தின்மேல் நன்றாக உட்கார வேண்டும். பாரத்தைச் சுமப்பது கம்பி. ஆடாமல் பிடிப்பது வார். மேல் வார்களைச் சீட்டின் பின்வளையங்களில் இழுத்துக் கட்டுங்கள். தாங்கி பையைப் பின்னுக்குத் தள்ளி வைப்பதால் தொடையில் இடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும். கீழ் வார் சீட் போஸ்ட்டைச் சுற்றி வரும். அந்த இடத்தில் டேப் ஒட்டினால் கார்பன் தேயாது. முதல் மலைப் பயணம் முடிந்ததும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள், சற்றுத் தளர்ந்திருக்கலாம்.

கேள்வி: என் பழைய சைக்கிளில் கேரியர் இருக்கிறது. எனக்கும் தாங்கி வேண்டுமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். பையின் அடி கேரியரில் உட்கார்ந்தால் போதும்; எட்டவில்லை என்றால் போர்வையைச் சுருட்டி நடுவில் வையுங்கள். இருபுறமும் தொங்கும் துணிப்பை என்றால் மட்டும், பை சக்கரத்தின் ஸ்போக் கம்பிகளுக்குள் போகாதபடி கேரியருக்குப் பக்கத் தடுப்புக் கம்பி போட்டே ஆக வேண்டும். வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள்.