கூகைக்கு வேண்டியது வெளிச்சமா, அமைதியா?

கேள்வி: தம்பலகாமத்தில் எங்கள் வயலில் எலித்தொல்லை அதிகம். கூகை வந்து உட்காரட்டும் என்று வரம்போரம் கம்புகள் நட்டு, எலி தெரியட்டும் என்று ஒரு மின்குமிழும் போட்டேன். பக்கத்திலேயே இரவில் நீர்ப்பம்பி ஓடுகிறது. கூகை வந்து உட்கார்ந்துவிட்டுச் சும்மா போய்விடுகிறது. ஏன்?

பதில்: மின்குமிழை முதலில் கழற்றிவிடுங்கள். முற்றாக இருண்ட அறையிலும் சரசரப்பை மட்டும் கேட்டுக் கூகை எலியைப் பிடித்துவிடும்; எலியோடு கட்டிய காகிதம் சரசரத்தபோது, எலியை விட்டுக் காகிதத்தின் மீதே அது பாய்ந்ததும் உண்டு. எனவே நான் சந்தேகிப்பது பம்பியைத்தான்.

வலப்பக்கத்தில் எலி அசைந்தால் ஒலி வலக்காதை முந்தி அடையும். கூகையின் தலை சிறியதாகையால், எலி நேர்ப் பக்கவாட்டில் நின்றாலும் அந்த முந்தல் ஏறத்தாழ 200 மைக்ரோசெக்கன்தான். ஒரு நரம்புத் துடிப்போ அதைவிடப் பல மடங்கு நேரம் நீடிப்பது. ஆனால் கூகையின் செவி நரம்புகள் ஒலியலையின் குறிப்பிட்ட ஒரு கட்டத்தை ஒட்டியே துடிக்கின்றன. செக்கனுக்கு 9,000 அதிர்வுகள் கொண்ட ஒலியிலும் இந்த ஒழுங்கு முற்றாகக் கலைவதில்லை. இரு காதுகளின் நரம்பிழைகளும் மூளைத்தண்டின் ஒரு பகுதிக்குள் எதிரெதிர்த் திசைகளிலிருந்து நுழைகின்றன. வரம்பின் இரு முனைகளிலிருந்தும் ஒரே வேகத்தில் நடந்து வருபவர்களில் முந்திப் புறப்பட்டவர் நடுவைத் தாண்டி வந்துதானே மற்றவரைச் சந்திப்பார். அதுபோல, இரு பக்கத் துடிப்புகளும் எந்த நரம்புக் கலத்தை ஒரே கணத்தில் வந்தடைகின்றனவோ அந்தக் கலமே உரக்கத் துடித்து, எலி இருக்கும் திசையைக் குறிக்கிறது. கூகையின் மூளையில் இவ்வமைப்பை நரம்பியல் ஆய்வாளர்களான கதரின் கார், மசகாசு கொனிஷி ஆகியோர் 1990இல் விரிவாக விளக்கினர். மேல் கீழ் அறிவது வேறு கதை: காதுகள் இரண்டும் ஏற்றத்தாழ்வாக அமைந்திருப்பதால், ஒலியின் வலிமை வேறுபாடே உயரத்தைக் காட்டும்.

எலியின் சரசரப்பு மெல்லியது. பம்பியின் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த சுருதிதான் என்றாலும், உலோகக் கிறீச்சொலியும் நீர் கொட்டும் ஓசையும் சரசரப்பின் உயர்ந்த சுருதியிலேயே கலப்பதால் துடிப்புகளின் ஒழுங்கு குலைந்து, சந்திக்கும் இடமும் மங்கிவிடுகிறது. ஆகவே பம்பியைப் பகலில் ஓட்டுங்கள்; முடியாவிட்டால் கம்புகளைப் பிடுங்கி, வயலின் மறுகோடியில் நடுங்கள். எலிப்பாஷாணம் மட்டும் வேண்டாம், நஞ்சுண்ட எலியைத் தின்று கூகையும் செத்துப்போகும்.