எச்டி டிவிக்கு எந்த அப்ஸ்கேலிங் டிவிடி பிளேயர்? கடைக்குப் போகும்போது உங்கள் டிஸ்க்கையும் எடுத்துப் போங்கள்

கேள்வி: தங்கச்சிமடத்தில் வீடு. புதிதாக 43 இன்ச் ஃபுல் எச்டி டிவி வாங்கினோம். கல்யாண டிவிடி, பழைய படங்கள் என்று நூறு டிஸ்க் கிடக்கிறது. அப்ஸ்கேலிங் பிளேயர் வாங்கினால் படம் எச்டி மாதிரி தெரியுமா? எதை வாங்கலாம்?

பதில்:

எச்டி மாதிரி தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் "1080பி அப்ஸ்கேலிங்" என்று கொட்டை எழுத்தில் இருப்பதை நம்பிக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்து மனம் நொந்தவர்கள் நம் கரையில் நிறையப் பேர். "இந்தக் காலத்தில் யார் டிவிடி பார்க்கிறார்கள்" என்று கீழே எழுத வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: கேட்டவர் வீட்டுக் கல்யாணம் எந்த ஆப்பிலும் கிடைக்காது. அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நம் ஊர் பால் (PAL) டிவி முறையில் பதிந்த டிவிடியில் ஒரு படச்சட்டம் 720 × 576 புள்ளி. பெருக்கினால் 4,14,720. உங்கள் டிவியின் திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளி. சரியாக ஐந்து மடங்கு. ஐந்தில் ஒரு புள்ளிதான் டிஸ்க்கிலிருந்து வருகிறது; மற்ற நான்கையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். அதற்குப் பெயர்தான் அப்ஸ்கேலிங். டிஸ்க்கில் பதியாத சேலைக்கரையின் ஜரிகை நூலை எந்தப் பிளேயராலும் கொண்டுவர முடியாது.

இந்த நிரப்பும் வேலையை உங்கள் டிவியே செய்கிறது. செய்யாவிட்டால் படம் திரையின் நடுவில் சின்னக் கட்டமாகத்தான் நிற்கும். ஆக, அந்த வேலையைப் பிளேயர் செய்வதா, டிவி செய்வதா, இரண்டில் எது நன்றாகச் செய்கிறது என்பதுதான் கேள்வி. இப்போது வரும் நடுத்தர டிவிகளில் உள்ள சிப், மலிவு விலைப் பிளேயரில் உள்ள சிப்பைவிடப் பெரும்பாலும் மேல். அதனால் பிளேயரின் மெனுவில் 576பி-யும் 1080பி-யும் மாற்றி மாற்றி வைத்து ஒரே காட்சியை ஓட்டிப் பாருங்கள். 576பி-யில் நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். 32 இன்ச் எச்டி ரெடி டிவி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அந்தத் திரை பெரும்பாலும் 1366 × 768. பிளேயர் 1080-க்கு ஏற்றி அனுப்ப, டிவி அதை மறுபடி 768-க்கு இறக்கும். இரண்டு முறை அரைத்த மாவு போல விளிம்பெல்லாம் குழைந்துவிடும்.

பிளேயருக்குப் பிளேயர் உண்மையான வித்தியாசம் தெரியும் இடம் வேறு: டீஇன்டர்லேசிங். டிவிடியில் நொடிக்கு 50 அரைப்படங்கள். ஒவ்வொன்றிலும் 288 வரி. ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். எல்சிடி, எல்இடி திரைக்கு முழுப்படம்தான் வேண்டும் என்பதால் இரண்டையும் கோத்துக் கொடுக்க வேண்டும். சினிமாவாக இருந்தால் இரண்டு பாதியும் ஒரே ஃபிலிம் சட்டத்திலிருந்து வந்தவை. அப்படியே கோத்தால் போதும். வீடியோ கேமராவில் எடுத்த கல்யாணத்தில் இரண்டு பாதிக்கும் நடுவே ஐம்பதில் ஒரு நொடி ஓடிவிட்டிருக்கும். அதற்குள் மணமகளின் கை நகர்ந்திருக்கும். மட்டமான பிளேயர் அதையும் அப்படியே கோத்துவிட்டால் கையின் ஓரம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகப் பிரியும். சில பிளேயர்கள் பாதி வரியைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியை இழுத்து நிரப்பும். அப்போது கேட் கம்பி, வலைக்கயிறு, ஓலைக்கீற்று எல்லாம் படிக்கட்டு மாதிரி நடுங்கும். நல்ல சிப், அசையாத இடத்தைக் கோத்து, அசைகிற இடத்தை மட்டும் கணக்குப் போட்டு நிரப்பும்.

அதனால் கடையில் ஓட்டிக் காட்டும் டெமோ டிஸ்க்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து மூன்று டிஸ்க் எடுத்துப் போங்கள். ஒன்று கல்யாண டிவிடி. தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போடும் இடத்தை ஓட்டுங்கள். அரிசி பறக்கும் அந்த நாலு நொடியில் பிளேயரின் தரம் தெரிந்துவிடும். இரண்டாவது, ஒரே டிஸ்க்கில் முழு நீளப் படம் உள்ள நல்ல கம்பெனி டிவிடி. இரண்டு அடுக்கு டிஸ்க் என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் லேசர் முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதற்குத் தாவும். அங்கே சிக்கி நின்றுவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, கீறல் விழுந்த பழைய விசிடி. கீறலைச் சமாளிக்கத் தெரியாத பிளேயர் நம் வீட்டு நூறு டிஸ்க்கில் முப்பதைத் திருப்பித் துப்பிவிடும். அப்படிப்பட்ட பிளேயரில் அப்ஸ்கேலிங் எவ்வளவு நன்றாக இருந்து என்ன?

பிளேயரைவிட டிஸ்க்கே மோசமாக இருப்பதும் உண்டு. 4.7 ஜிபி டிஸ்க்கில் இரண்டரை மணி நேரப் படம் ஒன்று இருந்தால் நொடிக்குச் சராசரி 4 மெகாபிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். அதே டிஸ்க்கில் மூன்று படத்தைத் திணித்தால் 1.4 மெகாபிட்தான். 1.15 மெகாபிட்டில் ஓடும் விசிடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு நெருக்கம் என்று. "3 இன் 1" டிஸ்க்கில் சண்டைக்காட்சி கட்டம் கட்டமாக உடைந்தால் பிளேயரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய சினிமாஸ்கோப் படங்களில் இன்னொரு சங்கடம். அகலத்திரைக்கென்று பதியாமல் 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டுப் பதிந்திருப்பார்கள். அதில் படம் இருப்பது ஏறத்தாழ 327 வரிதான். முறைப்படி அகலத்திரைக்குப் பதிந்திருந்தால் 436 வரி கிடைத்திருக்கும். அந்த மாதிரி டிஸ்க்கை டிவியின் ஜூம் வைத்துப் பெரிதாக்கலாம், மங்கலாகத்தான் இருக்கும்.

அடுத்தது இணைப்பு. எச்டிஎம்ஐ இல்லாத பிளேயரைத் தொடாதீர்கள். மஞ்சள் வயர் ஒரே கம்பியில் நிறத்தையும் வெளிச்சத்தையும் கலந்து அனுப்புவதால் எழுத்தின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். சிவப்பு, பச்சை, நீல மூன்று வயர் உள்ள காம்பொனன்ட் பரவாயில்லை. ஆனால் காப்புப் பூட்டு உள்ள டிஸ்க்கை அதன் வழியே 576பி-க்கு மேல் ஏற்ற விதிமுறை விடாது. இப்போதைய சில டிவிகளில் மஞ்சள் வயரை மாட்டும் துளையே பச்சைத் துளைதான். மெனுவில் ஏவி என்று மாற்றாமல் காம்பொனன்டில் விட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். டிவி பழுது என்று மிரண்டுவிட வேண்டாம். எச்டிஎம்ஐ கேபிள் சாதாரண விலையில் ஒன்றரை, இரண்டு மீட்டர் போதும். விலை கூடிய கேபிள் போட்டால் நிறம் கூடும் என்று சொல்லி விற்பது பொய்.

யுஎஸ்பி துளை இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். மலிவுப் பிளேயர்களின் யுஎஸ்பி பழைய முறை ஃபைல்களை மட்டுமே, அதுவும் டிவிடி அளவுக்குத்தான் ஓட்டும். செல்போனில் எடுத்த வீடியோ ஓடாது. அதற்கு டிவியின் யுஎஸ்பி இருக்கிறது.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் என் யோசனை ப்ளூ-ரே பிளேயர். ப்ளூ-ரே டிஸ்க் ஒன்றுகூட வாங்காவிட்டாலும் பரவாயில்லை. டீஇன்டர்லேசிங், அப்ஸ்கேலிங் இரண்டும் பொதுவாக மலிவு டிவிடி பிளேயரைவிட நன்றாக இருக்கும். விசிடி ஓடுமா என்று மட்டும் முதலில் பாருங்கள். பல மாடல்களில் ஓடாது. எந்தக் கம்பெனியையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. எனக்குக் கமிஷனும் இல்லை.

கீழக்கரை, தொண்டி, பனைக்குளம் பக்கம் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கொண்டுவந்த பிளேயர்கள் நிறைய. டிவிடி மண்டல எண் அமீரகத்தில் 2, சிங்கப்பூர் மலேசியாவில் 3, நமக்கு 5. பூட்டு நீக்காத பிளேயர் இங்கே வாங்கிய சில டிஸ்க்குகளை ஏற்காது. கல்யாண டிஸ்க்கில் மண்டலப் பூட்டு இருக்காது, அது ஓடும். அங்கெல்லாம் மின்சாரம் நம்மைப் போல 220–240 வோல்ட்தான், பிளக் மட்டும் சதுரக் கால். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் பின்பக்க ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்க்காமல் சொருகாதீர்கள். அங்கே விற்கும் ப்ளூ-ரே பிளேயர்களில் பல, பால் டிஸ்க்கையே ஓட்டாது.

இனி உப்புக்காற்று. இதைச் சொல்லத்தான் இந்தக் கேள்விக்கே பதில் எழுதினேன். மதுரையில் பத்து வருடம் ஓடும் பிளேயர் பாம்பனில் மூன்றாவது வாடைக்காற்றிலேயே டிஸ்க்கைப் படிக்காமல் முரண்டு பிடிக்கும். காரணம் பெரும்பாலும் லென்ஸ் மேல் படியும் ஈரமும் உப்பும்தான். கம்பெனியில் அச்சடித்த டிஸ்க் ஓடுகிறது, எழுதிய டிஸ்க் மட்டும் ஓடவில்லை என்றால் லென்ஸ் மங்கியிருக்கிறது, அல்லது லேசர் சோர்ந்துவிட்டது. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு தொட்டு, பாரம் கொடுக்காமல் ஒரு சுற்றுத் துடையுங்கள். அந்த லென்ஸ் தலைமுடி மாதிரிக் கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் போயிற்று. சென்ட், சானிடைசர் எதுவும் ஆகாது.

டிஸ்ப்ளே மினுக்கிக்கொண்டு, டிஸ்க் சுற்றத் தொடங்கியதும் பிளேயர் அணைந்து அணைந்து எரிந்தால் அது லேசர் இல்லை. பவர் போர்டில் 5 வோல்ட் வரியிலுள்ள 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கும். 105 டிகிரி தாங்கும் 16 வோல்ட் கெப்பாசிட்டராக மாற்றச் சொல்லுங்கள். சில ரூபாய்ச் சாமான். இதற்குப் போய் லேசரை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். உண்மையிலேயே லேசர் போய்விட்டால், புதுப் பிக்கப்பில் (லேசரும் லென்ஸும் சேர்ந்த பாகம்) மின்னூட்டம் தாக்காமல் இருக்க ஒரு சிறு ஈயப்பொட்டு வைத்து ஷார்ட் செய்து அனுப்புவார்கள். ரிப்பனைச் சொருகியபின் அந்தப் பொட்டை எடுக்க மறந்தால் புதுசும் படிக்காது.

வாங்கும்போதே கேஎச்எம்-313 அல்லது எஸ்எஃப்-எச்டி62 போன்ற ஊரெல்லாம் கிடைக்கும் பிக்கப் போட்ட மாடலா என்று மெக்கானிக்கிடம் கேட்டு வாங்குவது நம் ஊருக்கு அப்ஸ்கேலிங்கைவிட முக்கியம். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். மழைக்காலத்தில் வாரம் அரை மணி நேரமாவது ஒரு டிஸ்க்கை ஓட்டுங்கள். உள்சூட்டில் ஈரம் போகும். வயர் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறினால் சுரண்டாமல் அதே ஆல்கஹாலில் துடையுங்கள்.

எச்டிஎம்ஐ மாட்டும்போது டிவி, பிளேயர் இரண்டின் பிளக்கையும், கேபிள்காரர் வயரையும் உருவிவிட்டு மாட்டுங்கள். கேபிள் வயரைத் தொட்டால் சுர்ரென்கிற வீடுகளில் டிவியின் எச்டிஎம்ஐ போர்ட் எரிவதற்கு அந்த வயரில் கசியும் மின்சாரமே பெரும்பாலும் காரணம். தீவில் மணல் தரை. கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் எர்த் இருந்தும் இல்லாததுதான். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன். கல்யாண வீடியோ எடுப்பவர்களில் சிலர் மூன்று மணி நேரத்தை ஒரே மலிவு டிஸ்க்கில் அமுக்கி, அதிவேகத்தில் எழுதி, மேலே மணமக்கள் படம் போட்ட காகித ஸ்டிக்கரையும் ஒட்டிக் கொடுக்கிறார்கள். நம் ஊர் ஈரத்தில் ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பும். அப்போது டிஸ்க் சமநிலை இழந்து, சுற்றும்போது ஆடும். பிளேயர் படிக்கத் திணறும். பிய்க்கப் போய்ப் பாதி ஒட்டிக்கொண்டு நின்றால் ஆட்டம் இன்னும் கூடும். ஆல்பத்துக்கு வாங்குகிற பணத்தில் கேமராவில் எடுத்த அசல் பதிவை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுக்க ஏன் மனம் வருவதில்லை? ஆகவே ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். பிளேயர் வாங்கும் முன்பே கம்ப்யூட்டரில் போட்டு விடியோ_டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரை முழுசாக இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் டீஇன்டர்லேஸை "பாப்" (Bob) என்றும், வேகத்தை 50 என்றும், தரத்தை 18 என்றும் வைத்து எம்பி4 ஆக்கினால் டிவியின் யுஎஸ்பியிலேயே, சீப்புப் பல் இல்லாமல் ஓடும்.

வாங்கி மாட்டியபின்: பிளேயர் மெனுவில் டிவி டைப் 16:9. டிவி சிஸ்டம் ஆட்டோ அல்லது மல்டி. இங்கே விற்கும் தமிழ்ப்பட டிஸ்க்குகளில் பல 480 வரி என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை), அவற்றைப் பால் என்று கட்டாயப்படுத்தினால் படம் விட்டு விட்டு இழுக்கும். சில டிஸ்க்கில் படம் வந்து சத்தம் வராவிட்டால் ஆடியோவைப் பிசிஎம் ஆக்குங்கள். டிவியில் ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள், படத்தின் ஓரத்தை வெட்டும் ஓவர்ஸ்கேனை அணையுங்கள். 1080பி வைத்ததும் திரை கறுத்துவிட்டால் மஞ்சள் வயரை மாட்டி, மெனுவில் 576பி-க்கு இறக்கிவிட்டு, முதலில் டிவியையும் பிறகு பிளேயரையும் போடுங்கள்.