மணாலி – லே சைக்கிள் பயணம்: முதல் உயர இரவை எங்கே தூங்குவது?

கேள்வி: நானும் நண்பனும் ஆகஸ்டில் மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போகிறோம். ஈசிஆரில் ஒரே நாளில் 100 கி.மீ. ஓட்டிப் பழக்கம் உண்டு. நண்பன் என்னைவிட வேகம். எட்டு நாளில் முடித்துவிடலாமா?

பதில்: உங்கள் கால்கள் முடித்துவிடும், நுரையீரலுக்குத்தான் நாள் போதாது. பதினொரு நாளாவது வைத்துக்கொள்ளுங்கள்.

3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவம் சொல்லும் அளவு. வழியில் வரும் ஜிஸ்பா கிராமம் சுமார் 3,200 மீட்டர். அடுத்த இரவைப் பலரும் சர்ச்சுவில் கழிக்கிறார்கள். அது சுமார் 4,290. தலைவலி, வாந்தி என்று பலர் அங்கேதான் படுக்கிறார்கள்.

சர்ச்சுவின் இன்னொரு சிக்கலை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அது இரண்டு கணவாய்களுக்கு நடுவே இருக்கிறது. உடம்பு சரியில்லை என்றால் கீழே இறங்க வேண்டும், இல்லையா? திரும்பி வந்தால் 4,850 மீட்டரைத் தாண்டும் பாராலாச்சா லா, முன்னால் போனால் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் லா. எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறித்தான் ஆக வேண்டும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்குங்கள். நடுநாளில் மூட்டை இல்லாமல் மேலே கொஞ்சம் ஓட்டிவிட்டுத் திரும்புங்கள். மூன்றாம் இரவு தீபக் தால் ஏரிப் பக்கம் கூடாரம், சுமார் 3,800 மீட்டர். இது 500-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது, அதற்கு ஈடாகத்தான் ஜிஸ்பாவில் அந்தக் கூடுதல் இரவு. நான்காம் இரவு பாராலாச்சாவுக்கு இந்தப் பக்கமே ஜிங்ஜிங்பாரில். அங்கே யாருக்காவது முடியாமல் போனால், ஜிஸ்பாவுக்குச் சற்று மேலே இருக்கும் தார்ச்சா கிராமம் வரை பாதை இறக்கம்தான். வழியில் பனி உருகி வரும் ஓடைகள் மதியத்துக்கு மேல் பெருகும், காலையிலேயே கடந்துவிடுங்கள்.

அப்புறம் நண்பனின் வேகம். ஏற்றத்தில் நீங்கள் முன்னால் போங்கள், அவர் பின்னால் வரட்டும். பம்பும் ரிப்பேர் சாமான்களும் பின்னால் வருபவரிடம் இருக்க வேண்டும். கூடாரத்தைப் பிரித்துச் சுமக்கலாம், ஆனால் கனமான ஜாக்கெட், தண்ணீர், தின்பண்டம் அவரவர் பையில். பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது.

தினமும் சாயங்காலம் ஒருவரை ஒருவர் கவனியுங்கள். பசியோடு வந்தவர் பருப்புச் சாதத்தை நாலு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுகிறாரா? தலைவலியும் இருந்தால் மறுநாள் ஏற வேண்டாம். குதிகாலும் விரல் நுனியும் ஒட்டினாற்போல் அடிமேல் அடி வைத்துப் பத்தடி நேராக நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீக்கமாக இருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் கீழே இறங்க விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்காது என்றால் அதையும் சொல்லுங்கள். அவசரத்துக்கு மிதித்து இறங்கப் பார்க்காதீர்கள். சைக்கிள்களைத் தாபாக்காரரிடம் விட்டுவிட்டு, வரும் லாரியையோ ஜீப்பையோ நிறுத்தி, இருவரும் சேர்ந்தே ஏறுங்கள்.