மகளுடன் கோஸ்டா ரிகா: கடன் வாங்கலாமா, வைப்புநிதியை உடைக்கலாமா?

கேள்வி: நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். என் கணவர் முன்னரே ஓய்வு பெற்றுவிட்டார். அமெரிக்காவின் ஹூஸ்டனில் வேலை பார்க்கும் எங்கள் மகளைப் பார்க்க வரும் அக்டோபரில் செல்கிறோம். அந்த விமானப் பயணச்சீட்டை அவளே எடுத்துவிட்டாள். எங்களிடம் பத்தாண்டு அமெரிக்கச் சுற்றுலா விசா இருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூவரும் பத்து நாள் மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகா போகலாம் என்று மகள் ஆசைப்படுகிறாள். சென்னையிலுள்ள ஒரு சுற்றுலா நிறுவனம் ஒன்பது இரவுகள், ஐந்து ஊர்கள் என்று திட்டம் போட்டு, விமானக் கட்டணம் நீங்கலாக எங்கள் இருவருக்கும் 4.85 லட்சம் ரூபாய் கேட்கிறது. என் சம்பளக் கணக்கு உள்ள வங்கி 13% வட்டியில் 5 லட்சம் ரூபாய் தனிநபர் கடனை மூன்றாண்டுத் தவணையில் தருவதாகச் சொல்கிறது. இல்லையென்றால், கணவரின் மூட்டு அறுவைச் சிகிச்சைக்கும் அவசரத்துக்கும் வைத்திருக்கும் 6 லட்சம் ரூபாய் வைப்புநிதியை உடைக்க வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் ரூபாய், 8.2% வட்டியில் இருக்கிறது. மகள் வீடு வாங்குவதற்காக ஏப்ரலில் கணவர் கணக்கிலிருந்து 8 லட்சம் ரூபாய் அனுப்பவிருக்கிறோம். ஓய்வு பெறும்வரை மாதம் 40,000 ரூபாய் என்னால் சேமிக்க முடியும். இந்தப் பயணத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகும், பணத்தை எங்கிருந்து எடுப்பது?

பதில்: போய் வாருங்கள். ஆனால் கடனும் வேண்டாம், வைப்புநிதியையும் தொட வேண்டாம். பயணத்தின் வடிவத்தை மாற்றினால், இப்போதிலிருந்து சேர்க்கும் பணத்திலேயே இது முடிந்துவிடும்.

முதலில் கடனைப் பார்ப்போம். 5 லட்சம் ரூபாய்க்கு 13% வட்டியில் மூன்றாண்டுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 16,850 ரூபாய் வரும். வட்டி மட்டுமே 1.06 லட்சம் ரூபாயைத் தாண்டும். நீங்கள் பணியில் இருப்பதால்தான் வங்கி இவ்வளவு எளிதாகக் கொடுக்க முன்வருகிறது. தவணையின் பெரும்பகுதியை நீங்கள் கட்டப்போவதோ சம்பளத்திலிருந்து அல்ல, ஓய்வூதியத்திலிருந்து. ஓய்வூதியத்தின் முதல் மூன்றாண்டுகள் புதிய வருமானத்துக்கு வீட்டுச் செலவு பழகிக்கொள்ள வேண்டிய காலம். அதில் ஒரு சுற்றுலாவின் தவணையை ஏற்றி வைப்பதை நான் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைப்பதில்லை. வைப்புநிதி விஷயத்தில், முன்கூட்டி எடுப்பதற்கு வங்கி பிடிக்கும் அரை அல்லது ஒரு சதவீதம் பெரிதல்ல. மூட்டு வலி சுற்றுலா முடியும்வரை காத்திருக்காது என்பதே பெரிது. மே மாதம் உங்களுக்கு வரப்போகும் பணிக்கொடையையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரிய தொகை ஒன்று கையில் வந்ததும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு, அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகவே அது கரைகிறது.

இனி பயணத்துக்கு வருகிறேன். கோஸ்டா ரிகா சிறிய நாடுதான், ஆனால் மலையும் காடுமாக இருப்பதால், வரைபடத்தில் நூறு கிலோமீட்டராகத் தெரிவது சாலையில் மூன்று மணி நேரமாகிவிடும். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் ஒரு வண்டிக் கட்டணமும், அரை நாளும், உங்கள் கணவரின் மூட்டும் செலவாகின்றன. ஆகவே அங்கே ஒரு சுற்றுலாவின் விலையை நாள்களின் எண்ணிக்கையைவிட ஊர் மாறும் எண்ணிக்கையே அதிகம் தீர்மானிக்கிறது. நிறுவனம் தந்திருக்கும் ஐந்து ஊர்களில் டோர்டுகேரோவுக்குச் சாலை கிடையாது, படகிலோ சிறு விமானத்திலோதான் போக வேண்டும்; அங்கே பச்சை ஆமைகள் முட்டையிட வரும் காலம் ஜூலை முதல் அக்டோபர் வரை என்பதால், டிசம்பரில் அதற்காகப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. மொன்டெவெர்டேயை விடச் சொல்வதற்கு எனக்கே வருத்தம்தான். 1951-ல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து வந்து குடியேறிய குவேக்கர்கள் என்ற கிறித்துவப் பிரிவினர், தங்கள் நீரூற்றுகளுக்காகக் காப்பாற்றிய மேகக்காட்டை ஒட்டிய ஊர் அது. ஆனால் டிசம்பரில் அங்கே காற்றும் தூறலும் அதிகம், மலைப்பாதையும் ஏற்ற இறக்கமானது. தலைநகர் சான் ஹோசேயில் இரண்டு நாள் தங்க வேண்டிய தேவையும் இல்லை.

எனவே என் யோசனை இது: ஆரெனல் எரிமலை அடிவாரத்திலுள்ள லா ஃபோர்டுனாவில் நான்கு இரவுகள், பசிபிக் கரையிலுள்ள மானுவேல் அன்டோனியோவில் நான்கு இரவுகள், திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு மட்டும் விமான நிலையம் இருக்கும் அலாஹுவேலாவில். மூன்றே மூன்று பயணங்களில் முடிந்துவிடும்.

உங்கள் இருவருக்கும் நான் போடும் கணக்கு டாலரில் இருக்கிறது, ஏனென்றால் செலவு டாலரில்தான் நடக்கப்போகிறது. ஹூஸ்டனிலிருந்து நான்கு மணி நேர நேரடி விமானத்துக்குப் போய்வர 900 டாலர். வரியோடு இரவுக்கு 110 டாலர் என்ற நடுத்தர அறைக்கு ஒன்பது இரவுக்கு 990 டாலர். பிற பயணிகளோடு பகிர்ந்து செல்லும் வேனுக்கு, ஆளுக்கு ஒரு பயணத்துக்கு 60 டாலர் வீதம் 360 டாலர். சாப்பாட்டுக்கு 600, பூங்கா நுழைவுக்கும் வழிகாட்டிகளுக்கும் 400, சிம் கார்டு, காப்பீடு போன்றவற்றுக்கு 200. மொத்தம் 3,450 டாலர். எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 3,800 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய் என்றால் 3.42 லட்சம், 95 ரூபாய் ஆகிவிட்டாலும் 3.61 லட்சம் ரூபாய். இந்த 3.61 லட்சத்தையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கேட்பது விமானக் கட்டணம் இல்லாமலேயே 4.85 லட்சம் என்பதை நினைவில் வையுங்கள்.

பணம் வரும் வழி: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் காலாண்டு வட்டி 30,750 ரூபாய். ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என மூன்று முறை வருவது 92,250 ரூபாய். பிப்ரவரி முதல் மே வரை உங்கள் சேமிப்பு 1.6 லட்சம் ரூபாய். மீதி 1.09 லட்சம் ரூபாயை ஜூன் முதல் நவம்பர் வரை இரு ஓய்வூதியங்களிலிருந்து மாதம் 18,000 ரூபாய் அளவில் ஒதுக்க வேண்டும். இதற்கென்று தனி சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். ஓய்வூதியம் கைக்கு வரத் தாமதமானாலோ வேறு செலவு வந்தாலோ, குறைவது பயணத்தின் நாள்களாக இருக்கட்டும், வைப்புநிதியாக இருக்க வேண்டாம்.

மகள் சொல்லும் கிறிஸ்துமஸ் வாரத்தைப் பற்றி அவளிடம் பேசிப் பாருங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரமும்தான் அங்கே ஆண்டின் மிக விலையுயர்ந்த நாள்கள். உள்ளூர் மக்களும் கடற்கரைக்குத் திரண்டுவிடுவார்கள். நான் மேலே போட்ட அறை வாடகை அந்த வாரத்தில் நிற்காது. மே முதல் நவம்பர் வரை மழைக்காலம், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். ஆகவே டிசம்பரின் முதல் இரண்டு வாரங்களில் பசிபிக் பக்கம் மழை ஓய்ந்து, காடு பச்சையாக, விலை இன்னும் ஏறாமல் இருக்கும். மகளுக்கு அப்போது விடுப்பு கிடைக்குமானால், இந்தப் பதிலில் உள்ள வேறெந்த யோசனையையும்விட அதுவே அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

இணையத்தில் படிக்கும் பழைய விலைகளை நம்பிவிடாதீர்கள். அந்நாட்டு நாணயமான கொலோன் 2022-ன் நடுவில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 700 என்று இருந்தது. 2024-ல் 500 சொச்சமாக வலுவடைந்துவிட்டது. 3,500 கொலோன் விலையுள்ள ஒரு சாப்பாடு அன்று 5 டாலர், பின்னர் 7 டாலர். உணவக மெனுவிலோ அறை விலையிலோ 13% மதிப்புக்கூட்டு வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். உணவகத்தில் அதோடு 10% சேவைக் கட்டணமும் உண்டு, ஆகவே தனியாக அன்பளிப்பு வைக்க வேண்டிய கட்டாயமில்லை. நீங்கள் சைவம் என்றாலும் கவலை வேண்டாம். ‘சோடா’ என்று அழைக்கப்படும் சிறு உணவகங்களில் சோறு, பீன்ஸ், சாலட், வறுத்த நேந்திரம் போன்ற வாழைப்பழம் என்று ‘கசாடோ’ தட்டை இறைச்சி இல்லாமல் கேட்டு வாங்கலாம். பெரும்பாலான ஊர்களில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்பதால், பாட்டில் தண்ணீருக்குத் தினமும் செலவிட வேண்டியதில்லை.

எரிமலை தெரியும் அறை என்று சொல்லி லா ஃபோர்டுனாவில் கூடுதலாகக் கேட்பார்கள். ஆரெனல் 1968-ல் வெடித்து, 2010 வரை கனன்று, பிறகு அடங்கிவிட்டது; இரவில் சிவந்து ஓடும் குழம்பு இப்போது தெரியாது, சிகரமும் பல நாள் மேகத்துக்குள்தான் இருக்கும். அந்தக் கூடுதல் தொகையை நல்ல வழிகாட்டிக்குக் கொடுங்கள். மரக்கிளையில் இலையோடு இலையாகத் தொங்கும் ஸ்லாத் என்ற மிக மெதுவாக நகரும் விலங்கை நாமாகத் தேடினால் கண்ணில் படாது; தொலைநோக்கியோடு வரும் வழிகாட்டி நிமிடத்தில் காட்டிவிடுவார். அங்குள்ள அருவிக்கு ஏறக்குறைய 500 படிகள் இறங்கி ஏற வேண்டும், உங்கள் கணவர் அதைத் தவிர்க்கட்டும். வெந்நீர் ஊற்று விடுதிகளின் கட்டணம் அதிகம். அதே ஊற்று நீர் கலந்தோடும் ஆற்றில், சாலையோரமாக இலவசமாகவே குளிக்கும் இடம் இருக்கிறது.

மானுவேல் அன்டோனியோ பூங்காவில் சக்கர நாற்காலியும் போகக்கூடிய பலகைப் பாதை உண்டு, உள்ளேயே கடற்கரையும் உண்டு. நுழைவுச்சீட்டு ஆளுக்கு 18 டாலர் அளவில். நேரம் குறித்து, தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் மட்டுமே விற்கிறார்கள், வாசலில் யாராவது விற்றால் வாங்காதீர்கள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. நிலப்பரப்பில் கால் பங்குக்கு மேல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக வைத்திருக்கும் நாடு அது. இந்தக் கட்டணத்தை நான் வீண்செலவாகக் கருதவில்லை, குறைக்கவும் சொல்லமாட்டேன்.

மகள் கார் ஓட்டுவதாகச் சொன்னால், இணையத்தில் தெரியும் நாள் வாடகையை மட்டும் பார்க்க வேண்டாம். கட்டாய மூன்றாம் தரப்புக் காப்பீடு பெரும்பாலும் கவுன்டரில்தான் கணக்கில் ஏறும், கிரெடிட் கார்டில் பெரிய தொகையும் முடக்கப்படும். மூன்றே பயணங்கள் உள்ள திட்டத்துக்கு வேனே போதும்.

இப்போது வரி. ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் அல்லது அந்நியச் செலாவணியாக வாங்கும் தொகை, எல்லா வங்கிகளையும் சேர்த்து, அவரது பான் எண்ணின் கீழ் கணக்கிடப்படுகிறது. 2025 ஏப்ரல் முதல், கல்வியும் மருத்துவமும் அல்லாத செலவுகளுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதியில் 20% டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) பிடிக்கப்படுகிறது. மகளுக்குக் கொடுக்கும் 8 லட்சம் உங்கள் கணவரின் கணக்கில் சேரும். பயணத்துக்கான 3.61 லட்சத்தையும் அவர் பெயரிலேயே வாங்கினால், தாண்டும் 1.61 லட்சத்துக்கு 32,200 ரூபாய் பிடித்துவிடுவார்கள். ஆகவே டாலரை முன்கூட்டி ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டை உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில் வாங்குங்கள்; உங்களுக்கு டி.சி.எஸ். எதுவும் வராது. சுற்றுலாத் தொகுப்பு வாங்கினாலோ இந்த வரம்பு பொருந்தாது, முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம் உண்டு. அதன் விகிதம் அடிக்கடி மாற்றப்படுவதால், எப்போதாவது தொகுப்பு வாங்குவதானால் அன்றைய விகிதத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பிடித்த தொகை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும்.

கார்டில் டாலரை ஒரே நாளில் வாங்காமல், ஜூன் முதல் மாதந்தோறும் ஏற்றிக்கொண்டு வாருங்கள். கொலோனில் வரும் பில்லுக்கு டாலர் கார்டைத் தேய்த்தால் நாணய மாற்றுக் கட்டணம் விழும்; டாலரில் விலை சொல்லும் அறைக்கும் வேனுக்கும் அதைப் பயன்படுத்துங்கள். சாப்பாடு போன்ற உள்ளூர்ச் செலவுகளை, வெளிநாட்டுக் கட்டணம் இல்லாத அமெரிக்க கிரெடிட் கார்டு மகளிடம் இருந்தால் அதில் கட்டலாம். இயந்திரம் ரூபாயில் கட்டவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். சிறு மதிப்பு நோட்டுகளாக 200, 300 டாலர் கையில் இருக்கட்டும். கிழிந்த நோட்டை வாங்கமாட்டார்கள்.

பலமுறை நுழைவு அனுமதியுள்ள செல்லுபடியாகும் அமெரிக்கச் சுற்றுலா விசா இருந்தால், இந்தியர்கள் தனி விசா இல்லாமல் 30 நாள்வரை கோஸ்டா ரிகாவில் தங்கலாம். திரும்பும் பயணச்சீட்டைக் காட்டச் சொல்வார்கள். பணம் திரும்பக் கிடைக்காத எதையும் பதிவு செய்யும் முன், அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் அன்றைய விதியை மகளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

காப்பீட்டை இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். அமெரிக்காவுக்கு மட்டுமல்லாமல் கோஸ்டா ரிகாவுக்கும் பொருந்துகிறதா என்று பாலிசியில் பார்த்து, கணவரின் மூட்டுப் பிரச்சினையையும், இருவருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு எந்த அளவுவரை பணம் தருவார்கள் என்ற பத்தியைத் தேடிப் படித்த பிறகே பிரீமியத்தைக் கட்டுங்கள்.