புளூநோஸ் மாதிரி: அணியத்தில் பலகைகள் தூக்கிக்கொள்வது பற்றி

வணக்கம். 1:64 அளவில் நீங்கள் கட்டிவரும் புளூநோஸ் பாய்மரக் கப்பலின் மாதிரியில், அணியத்தை (கப்பலின் முன்முனையை) நெருங்கும் பலகைகள் ஓரம் தூக்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதாக எழுதியிருந்தீர்கள். குறை பசையில் இல்லை, பலகையின் அகலத்தில் இருக்கிறது.

பலகைகளை விலா எலும்புபோலத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் விளிம்பு கப்பலின் நடுவில் நீளமாகவும் அணியத்தில் குட்டையாகவும் இருப்பதால், ஒரே அகலமுள்ள பலகைகளுக்கு அங்கே இடம் போதாது. ஒவ்வொரு சட்டத்திலும் மேல்தளத்திலிருந்து ஏராமரம் (கப்பலின் நீளவாக்கிலுள்ள அடிமரம்) வரையுள்ள தூரத்தைக் காகிதக் கீற்றால் அளந்து, பலகைகளின் எண்ணிக்கையால் வகுத்து, கிடைக்கும் அகலத்தைப் பலகையில் குறித்துச் சீவுங்கள். முனையில் பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். அப்போதும் இடம் போதாவிட்டால், இரண்டு பலகைகளை ஒரே பலகையாகச் சேர்த்து முடிப்பதே முறை. வெந்நீரில் ஊறவைத்தாலும் பலகை தடிமன் வாக்கில்தான் எளிதில் வளையும். அகலவாக்கில் வலிந்து வளைத்தால் ஓரம் மறுபடியும் எழும்பும். இடப்புறமும் வலப்புறமும் மாறி மாறி ஒட்டுங்கள், இல்லையேல் ஏராமரம் முறுக்கிக்கொள்ளும்.

1921இல் கனடாவின் லூனன்பர்க்கில் நீரில் இறங்கிய அந்தக் கப்பல் மீன்பிடிப்புக்கும் பந்தயத்துக்கும் சேர்த்தே வரையப்பட்டது. அதன் அணிய வளைவைச் சமரசமின்றிக் கொண்டுவருவது உழைப்புக்குத் தகுந்தது என்பேன். ஆகவே எழும்பிய பலகைகளைக் கழற்றிவிடுங்கள். வெள்ளைப் பசையாக இருந்தால், ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தூரிகையால் இணைப்பில் தடவிச் சற்றுப் பொறுத்து, மெல்லிய கத்தியை நுழைத்தால் சேதமின்றிப் பிரிந்து வரும்.