கொலம்பஸ் சிலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூயார்க்கில் கொலம்பஸ் சர்க்கிளில் நிற்கும் சிலையை மகளுடன் பார்த்தேன். பூர்வகுடிகளை அடிமைகளாக்கியவருக்கு ஏன் சிலை என்று கேட்டாள். இத்தாலியர்கள் இனப்பெருமைக்காக ஒரு கொடியவனை வெட்கமின்றிக் கொண்டாடுகிறார்கள் என்றேன். சிலையை அகற்றுவதுதானே முறை?

– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகளின் கேள்வி நேர்மையானது. நீங்கள் சொன்ன பதிலோ சோம்பேறித்தனமானது. இத்தாலியில் பிறந்த கொலம்பஸ், கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகளான டைனோ மக்களைப் பிடித்து ஸ்பெயினுக்கு அனுப்பியதில் எந்த ஐயமும் இல்லை. ஆனால் அந்தச் சிலையை எழுப்பிய இத்தாலியக் குடியேறிகள் அன்று எந்த நிலையில் இருந்தார்கள் என்று விசாரிக்காமலே ஒரு குழந்தையிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள்.

1891 மார்ச் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில், காவல்துறைத் தலைவரின் கொலை வழக்கில் யாருக்கும் தண்டனை கிடைக்காத மறுநாளே, ஒரு பெருங்கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. அவர்களில் 5 பேர் விசாரணைக்கே வராதவர்கள். கும்பலை நடத்தியவர்கள் ஊர்ப் பெரியமனிதர்கள், ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு, ஓர் இத்தாலிய நாளிதழ் முன்னின்று திரட்டிய நன்கொடையில், கயெட்டானோ ருஸ்ஸோ செதுக்கிய பளிங்குக் கொலம்பஸ் நியூயார்க்கில் தூணின் மேல் ஏறினார்.

பீடத்திலுள்ள வாசகத்தைப் படித்தீர்களா? பயணத்துக்கு முன் ஏளனம் செய்யப்பட்டார், பயணத்தின்போது மிரட்டப்பட்டார், அதன்பின் விலங்கிடப்பட்டார் என்கிறது அது. ஏளனமும் மிரட்டலும் நாள்தோறும் பட்ட, இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்த கூலித் தொழிலாளி அதில் தன்னையே கண்டிருப்பான். அந்த விலங்கு, 1500இல் கரீபியக் கடலின் எஸ்பான்யோலா தீவில் அவர் நடத்திய கொடிய ஆட்சி பற்றிய புகார்களின்பேரில் ஸ்பெயினின் அதிகாரி பூட்டியது என்பதை மட்டும் பீடம் சொல்வதில்லை.

என் ஆற்றாமை இங்கேதான். அவமதிக்கப்பட்ட சமூகம் தன் மாண்டவர்களை ஒதுக்கிவிட்டு, வலியவர்கள் ஏற்கெனவே வணங்கும் ஒருவரைத் தன் மூதாதையாக அறிவித்துக்கொள்கிறது. பிறகு அவருடைய பாவங்களுக்கும் அதுவே பதில் சொல்ல நேர்கிறது. கொல்லப்பட்ட 11 பேருக்கு அந்த உயரத்தில் ஒரு தூண் எழும்பியிருக்க வேண்டும்.

சிலையை அகற்றுவதா என்பதை அந்த நகரத்தாரும், அவர்களுக்கு முன்பாகப் பூர்வகுடிகளும் முடிவு செய்யட்டும். அந்த 11 பேரின் கொலைக்கு நியூ ஆர்லியன்ஸ் மேயர் மன்னிப்புக் கேட்டது 2019இல்தான். ஆண்டுதோறும் கொலம்பஸுக்காக ஊர்வலம் போனவர்கள் அந்த 11 பெயர்களையும் உரக்கச் சொல்லிக்கொண்டே போயிருந்தால், பூர்வகுடிகளின் துயரமும் அவர்களுக்கு வெகு முன்பே விளங்கியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.