அப்பாவின் கண்ணுக்கு எந்த பேக்கேஜ்?

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, கும்பகோணத்தில் இருக்கிறார். 15 வருடமாகச் சர்க்கரை. வலது கண்ணில் புரை என்று சொல்லி, ஒரு மருத்துவமனையில் 20,000, 45,000, 90,000 ரூபாய் என மூன்று பேக்கேஜ் காட்டினார்கள். 90,000 ரூபாய் லென்ஸ் வைத்தால் கண்ணாடியே தேவைப்படாதாம். இந்த வாரமே கட்டினால் சலுகை உண்டாம். பக்கத்து வீட்டுக்காரரோ, புரை நன்றாக முற்றட்டும் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில், பணம் கட்டுவதை நிறுத்தி வையுங்கள் அம்மா. புரை ஒரு வாரத்தில் கண்ணைப் பறித்துவிடாது. இந்த வாரம் கட்டினால்தான் சலுகை என்று சொல்லும் இடத்தில் உங்கள் அப்பாவின் கண்ணைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

முற்றட்டும் என்பது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. அப்போது கண்ணைப் பெரிதாகத் திறந்து லென்ஸை முழுதாக எடுப்பார்கள். அப்புறம் சோடாபுட்டி கண்ணாடிதான். இன்று அப்படி இல்லை. முற்ற முற்றப் புரை கல்லாக இறுகும், எடுப்பது கடினமாகும், சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறிவிடும். அதற்காக ஆரம்பப் புரைக்கே ஓடவும் வேண்டாம். அப்பாவையே கேளுங்கள். பஸ் போர்டு தெரிகிறதா? படி இறங்கும்போது தடுமாறுகிறாரா? இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு கண்ணைக் கூசுகிறதா? அவர் அன்றாடம் செய்கிற வேலை கெடுகிறது என்றால் ஆபரேஷனுக்கு நேரம் வந்துவிட்டது. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள்.

அவருக்கு 15 வருடச் சர்க்கரை. எனவே கண்மணியை விரிக்கும் மருந்து போட்டு விழித்திரையைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால், புரையை எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. இதை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டாருக்குச் சொல்வது டாக்டரின் கடமை. மேலும், உங்களிடம் சொன்ன 90,000 ரூபாய் லென்ஸ் அநேகமாக மல்டிஃபோக்கல். அது உள்ளே வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்கிட்டுக் கொடுக்கும். விழித்திரை பலவீனமாக இருக்கும் கண்ணுக்கு இந்தப் பங்கீடு நல்லதல்ல. இரவில் விளக்கைச் சுற்றி வளையமும் தெரியலாம். உங்கள் அப்பாவுக்கு ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் சாதாரண மோனோஃபோக்கல் லென்ஸும், படிக்க ஒரு கண்ணாடியும் போதும் என்பதே என் எண்ணம். வெளிநாட்டு லென்ஸ்தான் வேண்டும் என்பதும் இல்லை. மதுரையில் 1992-லிருந்தே லென்ஸ் செய்கிறார்கள், பல நாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆகிறது.

எந்த லென்ஸ் என்பதை டாக்டர் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். இன்று பல இடங்களில் டாக்டர் இரண்டு நிமிடம் பார்க்கிறார், மீதியைக் கவுன்சலர் பேசுகிறார். கவுன்சலருக்கு மாத இலக்கு இருக்கும். கண்ணாடிக் கடைக்காரரோ முகாம் ஏற்பாடு செய்தவரோ ஒரே மருத்துவமனைக்குப் போகச் சொல்லி வற்புறுத்தினால், கமிஷன் இருக்கலாம். அந்தக் கமிஷன் உங்கள் பில்லில்தான் வந்து ஏறும். இதையெல்லாம் கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை, கண் டாக்டர்களாகிய நாங்களும் எங்கள் சங்கக் கூட்டங்களில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. அப்பா இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறாரா? அதற்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? டாம்சுலோசின் என்ற மருந்தாக இருந்தால், ஆபரேஷன் செய்பவருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். ஆபரேஷன் நேரத்தில் கண்மணி சரியாக விரியாது, கண்மணியைச் சுற்றியுள்ள கருவிழிப்படலம் (ஐரிஸ்) தொய்ந்து துணி போல அலையும். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கான கொக்கிகளும் மருந்தும் தயாராக வைத்துக்கொள்வோம். தெரியாமல் இறங்கினால், புது லென்ஸ் உட்கார வேண்டிய மெல்லிய பை கிழியும் அபாயம் உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நிறுத்தினாலும் அதன் விளைவு கண்ணில் தங்கியிருக்கும். எப்போதோ சாப்பிட்டு விட்டிருந்தாலும் சொல்லுங்கள். மகள் எதிரில் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கும் அப்பாக்களை வாரந்தோறும் பார்க்கிறேன். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவதே சுலபம்.

சரி, யாரிடம் செய்வது? கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அப்பாவுக்குக் கத்தி பிடிக்கப் போவது யார் என்று பெயர் கேளுங்கள், அவரையே பார்த்துப் பேசுங்கள். சர்க்கரைக் கண்களை அவர் வழக்கமாகச் செய்கிறாரா என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்டதற்குக் கோபப்பட்டால் வேறிடம் பாருங்கள். பணம் இடித்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே லென்ஸ் வைத்துச் செய்கிறார்கள். வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சென்னை எழும்பூர் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது, அங்கே தேறிய டாக்டர்கள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். தனியாரில் செய்தால், வைத்த லென்ஸின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: இரவில் வலி வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், யார் எடுப்பார்கள்? ஆபரேஷனுக்குப் பிறகு வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ அது கிருமித் தொற்றாக இருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காமல் அன்றே கூட்டிப் போங்கள்.